பாட்டியின் தழும்பும் என் தப்புக் கணக்கும்



சிதம்பரத்தில் எங்கள் தெருவில் பெரியம்மை கண்ட வீட்டுக்குள் முதலில் நுழைவது என் பாட்டிதான். முகமெல்லாம் தழும்பு. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு அது மறுபடி வருவது மிக அரிது. மற்றவர்களுக்கு அம்மை குத்தினார்கள். பிற்பாடு, நோய் கண்ட வீட்டைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் தேடித் தேடிக் குத்தினார்கள். தாவ ஆளில்லாமல் 1975-இல் இந்தியாவில் பெரியம்மை முடிந்தது.

2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகக் கடலூர் மாவட்டத்தில் கொரோனா பெருகியது. அந்த ஆண்டே எனக்கும் வந்து போனது. பாட்டியின் கணக்கை நானும் போட்டேன். 2021 மார்ச்சில் அறுபது வயதானவர்களுக்கு ஊசி என்றபோது போகவில்லை. வாத்தியார் புத்தி!

2020 அக்டோபர், நவம்பரில் தமிழகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 31 பேரிடம் எதிர்ப்புச் சக்தி தெரிந்தது. 2021 ஏப்ரலில் 23 பேரிடம்தான். கரைந்துகொண்டிருந்தது. வைரஸும் டெல்டாவாக உருமாறி வந்தது. எனக்கு மறுபடி காய்ச்சல். என்னிடமிருந்து கடலூரில் அண்ணிக்கு. ஊசி போட்டிருந்தாலும் தொற்றியிருக்கலாம். ஆனால் அதற்கும், பிறருக்குக் கொடுப்பதற்கும் வாய்ப்பு குறைந்திருக்கும்.

அண்ணி பிழைத்தார். ஆகஸ்டில் இருவரும் ஒரே வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டோம்.