ஃபேடர் பலகை பேசும் பாஷைகள்

ஒலிப்பதிவுக் கூடம் என்றதும் வரிசையாக ஃபேடர்கள் உள்ள பெரிய மிக்ஸிங் மேசைதான் நினைவுக்கு வரும். 1990களில் ஒலிப்பதிவு டேப்பை விட்டுக் கணினிக்கு மாறத் தொடங்கியபோது அந்த மேசை திரைக்குள் வெறும் படமாகிப் போனது. படத்தில் உள்ள ஃபேடரை மவுஸால் பிடித்து இழுக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான். பத்து விரல்களையும் வைத்து வேலை பார்த்துப் பழகிய ஒலிப்பொறியாளர்களுக்கு இது பெரிய தலைவலி.

இதற்குத் தீர்வாக வந்தவைதான் கண்ட்ரோல் சர்ஃபேஸ் எனப்படும் பலகைகள். பார்ப்பதற்கு அசல் மேசை மாதிரியே இருக்கும். ஆனால் அதன் ஃபேடர்கள் வழியே ஒலி போவதே இல்லை! ஃபேடரை எவ்வளவு தள்ளினோம் என்பதை எண்ணாக்கி மென்பொருளுக்குச் சொல்லும். மென்பொருள் பதிலுக்கு ஓர் எண்ணைச் சொன்னால் உள்ளே இருக்கும் மோட்டார் ஃபேடரைத் தானாக நகர்த்தும். ஆக, அதன் வேலை முழுக்கப் பேச்சுதான். பேச்சு என்றால் பாஷை வேண்டுமே?

மேக்கி நிறுவனமும் ப்ரோ டூல்ஸ் மென்பொருளைச் செய்த டிஜிடிசைனும் சேர்ந்து 1990களின் பிற்பகுதியில் கொண்டுவந்த எச்.யூ.ஐ. என்ற பலகையோடு முதல் முக்கியமான பாஷை பிறந்தது. 8 மோட்டார் ஃபேடர்கள் கொண்டது அது. 1983-ல் இசைக்கருவிகளை இணைப்பதற்காக வந்த மிடி முறையைத்தான் இதுவும் பயன்படுத்திக்கொண்டது. மிடியில் சாதாரணமாக ஒரு செய்தி 0 முதல் 127 வரைதான் சொல்லும். ஒலி அளவை மெதுவாக ஏற்றி இறக்க 128 படிகள் போதாது. மாடிப்படி இறங்குவது போல் தட்டுத்தட்டாகக் கேட்கும். அதனால் ஒரு ஃபேடரின் நிலையைச் சொல்ல இரண்டு செய்திகளைச் சேர்த்து அனுப்பினார்கள். விநாடிக்கு ஒருமுறை மென்பொருள் "இருக்கிறாயா?" என்று கேட்கும், பலகை "இருக்கிறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஃபேடருக்கும் மேலே தடத்தின் பெயரைக் காட்ட இடம் இருந்தது. நான்கே எழுத்து! கிட்டாருக்கு ஆங்கிலத்தில் ஆறு எழுத்து என்பதை நினைத்துப் பார்த்தால் கஷ்டம் புரியும்.

அடுத்த பாஷை 2002-ல் வந்தது. லாஜிக் மென்பொருளைச் செய்த ஜெர்மனியின் எமாஜிக் நிறுவனத்தோடு சேர்ந்து மேக்கி செய்த பலகை லாஜிக் கண்ட்ரோல். இதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. கீபோர்டில் சுருதியை வளைப்பதற்கென்று மிடியில் பிட்ச் பெண்ட் என்ற செய்தி உண்டு. அது ஒரே மூச்சில் 16,384 படிகள் வரை சொல்லக்கூடியது. ஒரு மிடி சானலுக்கு ஒரு பிட்ச் பெண்ட் என்பதால், 8 ஃபேடர்களுக்கு 8 சானல்கள், மாஸ்டர் ஃபேடருக்கு ஒன்பதாவது சானல் என்று பிரித்துவிட்டார்கள். பொத்தான்கள் எல்லாம் கீபோர்டின் கட்டைகள் போல வெறும் ஸ்வரங்களாகின. 94-ம் எண் ஸ்வரத்தை அனுப்பினால் பாட்டு ஓடும். 93 அனுப்பினால் நிற்கும். தடத்தின் பெயருக்கும் இப்போது 7 எழுத்து. கிட்டார் முழுசாக உட்கார்ந்தது.

அதே 2002 ஜூலையில் எமாஜிக்கை ஆப்பிள் வாங்கிவிட்டது. விண்டோஸுக்கான லாஜிக் நிறுத்தப்பட்டது. ஒரே ஒரு மென்பொருளின் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்ட பலகைக்கு இது நல்ல சகுனமா என்ன? மேக்கி மற்ற மென்பொருள்களுக்காக மேக்கி கண்ட்ரோல் என்ற பலகையையும் கொண்டுவந்தது. இரண்டின் பாஷையும் ஏறக்குறைய ஒன்றுதான். மென்பொருள் "நீ யார்?" என்று கேட்கும்போது ஒன்று 10 என்றும் மற்றது 14 என்றும் (பதினாறடிமானத்தில்) பதில் சொல்லும்.

பிறகு வந்த மேக்கி கண்ட்ரோல் யுனிவர்சலில் மூன்று முகங்களும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன: மேக்கி கண்ட்ரோல் மோட், லாஜிக் கண்ட்ரோல் மோட், எச்.யூ.ஐ. மோட். முதல் இரண்டு சானல்களின் செலக்ட் பொத்தான்களை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் மோடை மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு மென்பொருளிலும் பொத்தான்களின் வேலை மாறும் என்பதால், மேலே பரப்பி வைக்கப் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் தாள்களும் கிடைத்தன. உள்ளே பாஷை மாறினால் வெளியே சட்டையும் மாற வேண்டும்!

மோட் தவறினால் கோளாறு விசித்திரமாக இருக்கும். ப்ரோ டூல்ஸோடு மேக்கி கண்ட்ரோல் மோடில் இணைத்தால், பலகையிடமிருந்து எதிர்பார்த்த "இருக்கிறேன்" வராது. ஃபேடர்கள் அசையாமல் கிடக்கும். பொருளில் ஒரு பழுதும் இல்லாமலே பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

எச்.யூ.ஐ. பலகையின் விற்பனை என்றோ நின்றுவிட்டது. ஆனால் மிடி வழியே ப்ரோ டூல்ஸோடு பேச வரும் வெளிப் பலகைகளுக்கு அதன் பாஷைதான் வழி என்று ஆகிப்போனதால், அதைச் சாக விட முடியவில்லை. லாஜிக், கியூபேஸ் போன்றவை மேக்கி கண்ட்ரோல் பாஷைக்குப் பழகிக்கொண்டன. மேக்கியின் போட்டியாளரான பெரிங்கர் செய்த எக்ஸ்-டச் பலகையிலும் இந்த இரண்டு மோட்களும் உண்டு. அதன் திரைகள் வண்ண வண்ணமாக ஒளிரும். எச்.யூ.ஐ. மோடில் போட்டாலோ, தடத்தின் பெயருக்கு அதே பழைய நான்கெழுத்துக் கணக்குதான்.