புத்தரி

குடகில் ஆடி மழையில் நட்ட நெல் கார்த்திகையில் முற்றும். ரோகிணி நட்சத்திரத்தையும் பௌர்ணமியையும் பார்த்து, அப்போது ஓர் இரவைக் குறிப்பார்கள். அதுதான் புத்தரி. பெங்களூரிலும் மைசூரிலும் வேலை பார்க்கும் குடகு மக்களான கொடவர்கள் அன்று 'ஐன்மனை' என்கிற பூர்வீக வீட்டுக்கு வந்து சேருவார்கள்.

சொல்லைப் பிரிக்க நமக்கு அகராதி வேண்டாம். புத்தாடை, புத்துயிர் போலத்தான்: புது, அரி. ஆனால் கொடவர் அன்றாடப் பேச்சில் அரிசி 'அரி' அல்ல, கன்னடத்தில் போலவே 'அக்கி'. அவர்கள் வீட்டு அரிசி ரொட்டிக்குப் பெயர் அக்கி ஒட்டி. 'அரி' என்பது மலையாளத்திலும் துளுவிலும் வழங்கும் சொல். ஆகவே பண்டிகைப் பெயர் மேற்குக் கரையிலிருந்து மலையேறியது என்பது என் கணிப்பு. பண்டிகை நாள் குறிக்கப்படுவது கக்கபே ஊரிலுள்ள இக்குத்தப்பா கோயிலில். அந்தத் தெய்வமும் மலையாள நாட்டிலிருந்து வந்தவர் என்றே கொடவர் கதை சொல்கிறது. கன்னடர் வாயில் புத்தரி, ஹுத்தரி. பால் 'ஹாலு' ஆன, புலி 'ஹுலி' ஆன அதே வழிதான்.

நிலா ஏறியதும் குடும்பமே விளக்கோடு வயலுக்கு இறங்கும். துப்பாக்கி வெடிக்கும். ஒருவர் சில தாள்களை மட்டும், ஒற்றைப்படையாக, அறுப்பார். உடனே 'பொலி பொலி தேவா' என்ற கூச்சல். கதிரை மாவிலை, அரசிலை முதலியவற்றோடு சேர்த்து வீட்டில் கட்டிவிட்டுத் தம்புட்டு தின்பார்கள். வறுத்த அரிசி மாவைக் கனிந்த வாழைப்பழத்தோடு பிசைந்து எள்ளும் நெய்யும் சேர்த்த பண்டம் அது.

'பொலி' நம் களத்துச் சொல்லும்கூட. தூற்றிக் குவித்த நெல் பொலி. இனம் பெருக்கும் காளை பொலிகாளை. 'பெருகட்டும்' என்பதைத்தான் அந்தக் கூச்சலும் கேட்கிறது.

புத்தரி என்ற பெயருக்கும் நம்மிடம் உறவு உண்டு. முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த குமரி மாவட்டத்துக் கோயில்களில் ஆடி மாதம் நிறைபுத்தரிசிப் பூசை இன்றும் நடக்கிறது. யாழ்ப்பாணத்தார் தைப்பூசத்தை ஒட்டிப் புதுநெல் எடுப்பதைப் 'புதிர்' என்பார்கள். நமக்கோ புதிர் என்றால் விடுகதை. தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களில் பொங்கலன்று பானையில் விழுவது புத்தரிசிதான் என்றாலும், பண்டிகை பெயர் வாங்கியது அரிசியிடமிருந்து அல்ல, பானை பொங்குவதிலிருந்து.

களத்தில் 'பொலி' சொல்லி நெல் அளந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அதை எப்படிச் சொன்னார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.