தெனாயா ஏரியின் பழைய குடிகள்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி மலைகளில், சுமார் 8,150 அடி உயரத்தில் இருக்கிறது தெனாயா ஏரி. சுற்றியுள்ள மலைக்காட்டில் கூடாரம் அடித்துத் தங்க வருகிறவர்கள் மனிதச் சுவடே படாத நிலத்தைத் தேடி வருகிறார்கள். அப்படி ஒரு நிலம் அங்கே இருந்ததில்லை என்பதற்குக் கற்களே சாட்சி. யோசெமிட்டி பெரும்பாலும் கருங்கல்; எரிமலைக் கண்ணாடிக்கல் அங்கே இயற்கையாகக் கிடைக்காது. ஆனாலும் அந்தக் கல்லில் செதுக்கிய அம்புமுனைகளும் சில்லுகளும் அம்மலைகளில் ஏராளம். மலைத்தொடருக்குக் கிழக்கேயுள்ள மோனோ ஏரிப் பக்கத்திலிருந்து பண்டமாற்றில் வந்தவை அவை. மேற்கிலிருந்து ஓக் கொட்டைகள் போயின. இன்று மோனோ கணவாய்க்கு ஏறும் நடைபாதையும் அந்தப் பழைய வணிகத் தடம்தான்.

பனி மூடும் இடத்தில் நிலையான ஊர் ஏது, கோடையில் வந்துபோனவர்களைக் குடிகள் என்பதா என்று கேட்கலாம். பருவம் தவறாமல் திரும்பி வருவதும் குடியிருப்பே. அந்த வருகை தானாக நிற்கவுமில்லை. 1851இல் மரிபோசா என்ற தன்னார்வப் படை, பூர்வகுடித் தலைவர் தெனாயாவின் மக்களை இந்த ஏரிக்கரையில்தான் பிடித்து, ஃப்ரெஸ்னோ ஆற்றங்கரை முகாமுக்குக் கொண்டுபோனது. 1964ஆம் ஆண்டு அமெரிக்கக் காட்டுநிலப் பாதுகாப்புச் சட்டமோ, மனிதன் வந்துபோக மட்டுமே உரிய இடம் என்று இத்தகைய நிலத்தை வரையறுத்தது. சாலைகளையும் கட்டடங்களையும் அது தடுத்தது பெரிய நன்மை. அந்தக் காவல் தொடரத்தான் வேண்டும். ஆனால் ஆட்களைத் துரத்தியதால் வந்த வெறுமையை இயற்கையின் இயல்பாகக் கொள்வது அநீதி. துரத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்த மலைகளின் அடிவாரத்தில் வாழ்கிறார்கள்.