ஜாங்கோ நிர்வாகப் பக்கம்: படிவப் புலங்களை மாற்றியமைத்தல்

பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ வலைச் சட்டகத்தோடு ஆயத்தமாகவே வரும் நிர்வாகப் பக்கத்தில், தரவு உள்ளிடும் கட்டங்களைத் தேவைக்கேற்பத் திருத்தும் முறை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகர நாளிதழ் ஒன்றின் இணையப் பிரிவில் உருவான ஜாங்கோ 2005இல் பொதுவெளிக்கு வந்தது.

தரவு மாதிரியைப் பார்த்து நிர்வாகப் பக்கம் படிவத்தைத் தானே வரைந்துவிடும்: நீள் உரைக்குப் பெரிய பெட்டி, தேதிக்கு நாட்காட்டி, வேறோர் அட்டவணையோடு இணைக்கும் புலத்துக்குக் கீழிறங்கு பட்டியல். வம்பு இந்தப் பட்டியலில்தான். ஐம்பது பெயர் உள்ளவரை சரி. ஐம்பதாயிரம் ஆனால் பக்கம் திறக்கவே திணறும். இதற்குத் தீர்வாக, 'ரா ஐடி ஃபீல்ட்ஸ்' என்னும் அமைப்பு பட்டியலை நீக்கி, பதிவின் எண்ணைக் கேட்கும். வேகம்தான், ஆனால் எண்ணைத் தனியே தேடி எடுக்க வேண்டும். 2.0 பதிப்பில் வந்த 'ஆட்டோகம்ப்ளீட் ஃபீல்ட்ஸ்' எழுத்துகளைத் தட்டத் தட்டத் தேடித் தரும். இணைக்கப்படும் மாதிரியின் நிர்வாக வகுப்பில் 'சர்ச் ஃபீல்ட்ஸ்' குறிக்கப்படாவிட்டால் பிழை காட்டும்.

ஒரே வகைப் புலங்கள் அனைத்துக்கும் வேறு விட்ஜெட் (உள்ளிடும் கட்டத்தின் வடிவம்) தர 'ஃபார்ம்ஃபீல்டு ஓவர்ரைட்ஸ்' உண்டு. உள்நுழைந்தவருக்கு உரிய தெரிவுகளை மட்டும் காட்ட 'ஃபார்ம்ஃபீல்டு ஃபார் ஃபாரின்கீ' என்னும் செயல்முறையை மாற்றி எழுதுவர்.