தலையிலிருந்து பூவுக்கு: அக்ரிப்பினாவின் ஒரு வருடம்

காசைச் சுண்டிவிட்டு "பூவா, தலையா?" என்று கேட்கிறோம். பழைய ரோமில் தலைப் பக்கம் யார் முகம் இருக்கிறது என்பது விளையாட்டு இல்லை. யாருடைய ஆட்சி நடக்கிறது என்பதற்கு அதுதான் அறிவிப்பு. செய்தித்தாள் இல்லாத காலத்தில் கைக்குக் கை மாறி ஊர் ஊராகப் போன அறிவிப்பு. அதில் அரச குடும்பத்துப் பெண்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால், ஒரு பெண்ணின் ஏற்றமும் இறக்கமும் இரண்டே நாணயங்களில் அடங்கிக் கிடக்கிறது.

முதலில் நம்ம ஊர்ப்பக்கம் கிடைத்ததைப் பார்ப்போம். கோவை வட்டாரப் புதையல்களில் திபேரியஸ் காலத்து வெள்ளி தெனாரியஸ் ஏராளம். தலைப் பக்கம் திபேரியஸ். மறுபக்கம் செங்கோலும் ஒரு கிளையும் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். இவர் திபேரியஸின் தாய் லிவியா என்று பலரும் சொல்வார்கள். ஆனால் காசில் அவர் பெயர் இல்லை. அமைதியின் தேவதை என்று சொன்னாலும் மறுக்க முடியாது. பெண்ணைக் காட்டணும், ஆனால் காட்டியதாகவும் இருக்கக் கூடாது!

அடுத்து காலிகுலா. கி.பி. 37-38இல் வந்த செஸ்டர்டியஸ் என்ற பெரிய பித்தளை நாணயத்தில் அவனுடைய மூன்று தங்கைகள் நிற்கிறார்கள்: அக்ரிப்பினா, த்ருசில்லா, ஜூலியா. இப்போது பெயர் வந்துவிட்டது. இடம் மட்டும் அதே பூப் பக்கம்தான். அதிலும் பாதுகாப்பு, ஒற்றுமை, நற்பேறு என்ற தேவதைகளின் கோலத்தில். 38இல் த்ருசில்லா இறந்துபோனார். 39இல் மற்ற இருவரையும் அண்ணனே நாடு கடத்தினான்.

அந்த அக்ரிப்பினாதான் நம்ம கதாநாயகி. காலிகுலா கொல்லப்பட்ட பிறகு ரோமுக்குத் திரும்பினார். 49இல் தன் சொந்தச் சித்தப்பாவான பேரரசர் கிளாடியஸைக் கல்யாணம் செய்துகொண்டார். 50இல் 'அகஸ்டா' பட்டம். கிளாடியஸின் தங்க, வெள்ளிக் காசுகளில் தானியக் கதிர் முடியோடு அவர் முகம் வருகிறது. தேவதைக் கோலமெல்லாம் தேவைப்படாத சொந்த முகம். ஆனாலும் கிளாடியஸ் முகத்தோடு வரும் காசில் பின்பக்கம்.

54 அக்டோபரில் கிளாடியஸ் இறந்தார். அக்ரிப்பினாவின் முதல் கல்யாணத்தில் பிறந்த மகன் நீரோ 16 வயதில் பேரரசன் ஆனான். அந்த வருடக் கடைசியில் வந்த தங்க, வெள்ளி நாணயத்தைப் பாருங்கள். தலைப் பக்கத்தில் அம்மாவும் மகனும் எதிரெதிரே, முகத்துக்கு முகம், ஒரே அளவில். சுற்றிலும் இருப்பது அம்மாவின் பெயர்: 'அக்ரிப்பினா அகஸ்டா, தெய்வமான கிளாடியஸின் மனைவி, நீரோ சீசரின் தாய்'. ஆளுகிறவன் பெயர் எங்கே? பின்பக்கம், ஓக் இலை மாலையைச் சுற்றி. அதுவும் நான்காம் வேற்றுமையில், 'நீரோவுக்கு' என்று! எழுவாயாக நிற்பது அம்மா.

அடுத்த நாணயம் 55இல் வந்தது. எப்படித் தெரியும் என்றால், நீரோவின் பட்டங்களில் 'கான்சல்' சேர்ந்திருக்கிறது. அவன் முதன்முதலாக கான்சல் ஆனது 55 ஜனவரியில். இதிலும் தலைப் பக்கம் இரண்டு முகம் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே திசையைப் பார்க்கின்றன. மகன் முகம் முன்னால், அம்மா முகம் அதன் பின்னால் பாதி மறைந்து. சுற்றிலும் மகன் பெயர், இப்போது எழுவாயாக. அம்மாவின் பெயரும் பட்டமும் ஒரு சொல் மாறாமல் அப்படியே பூப் பக்கத்துக்குப் போய்விட்டன. அங்கே நான்கு யானைகள் தெய்வமான கிளாடியஸை ஏற்றிய தேரை இழுக்கின்றன.

அதற்குப் பிறகு ரோம நாணயசாலையில் நீரோ மட்டும்தான். அக்ரிப்பினா முகமும் இல்லை, பெயரும் இல்லை. கிழக்கு மாகாணக் காசுகளில் மட்டும் இன்னும் சில காலம் தென்பட்டார்.

இதே மாதங்களைப் பற்றி வரலாற்றாசிரியர் டாசிடஸும் எழுதியிருக்கிறார். ஆர்மீனியத் தூதர்கள் வந்தபோது அக்ரிப்பினா மேடையேறி மகன் பக்கத்தில் உட்காரப் போக, செனகா நீரோவை இறங்கிப் போய் அம்மாவை எதிர்கொள்ளச் சொல்லித் தடுத்தாராம். மரியாதை மாதிரியும் இருக்கணும், மேடையும் கிடைக்கக் கூடாது. பிறகு அவருடைய ஆள் பல்லாஸ் பதவி இழந்தார். காவல் படை விலக்கப்பட்டது. அவரே அரண்மனையை விட்டு வேறு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

டாசிடஸ் எழுதியது அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. அதிகாரம் தேடும் பெண்கள் மேல் அவருக்கு வெறுப்பு அதிகம். அதனால் அவர் வரிகளை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் நாணயம் அந்தந்த மாதமே அடித்தது. அதில் வசவு இல்லை. அதுவும் அரசின் குரல்தான், அக்ரிப்பினாவின் குரல் இல்லை என்பது உண்மை. இருந்தும் ஒன்றை மறைக்காமல் காட்டுகிறது: அவர் தலைப் பக்கம் வந்தது வெறும் வதந்தி இல்லை, அரசே அறிவித்த உண்மை. அங்கிருந்து நகர்த்தப்பட்டதும் அப்படியே.

இன்னொன்றும் கவனியுங்கள். அக்ரிப்பினா அகஸ்டஸின் கொள்ளுப்பேத்தி. இந்த இரண்டு நாணயத்திலும் அந்தப் பிறப்புக்கு ஒரு சொல்கூட இல்லை. மனைவி, தாய், அவ்வளவுதான். கணவர் இறந்தாயிற்று, மகன் மனசு மாறினால் நிற்பதற்கு இடமே இல்லை.

மாறிவிட்டது. 59இல் நீரோவின் ஆட்கள் அவரைக் கொன்றார்கள். கொல்லச் சொன்னது 'நீரோ சீசரின் தாய்' என்ற அந்த வரியில் இருக்கும் மகன்தான்.