ஒரு வினாவும் ஒரு விடையும்

அரசுக்காக வழக்காடுபவர்க்குக் கட்சிக்காரர் யார்? ஆட்சியில் அமர்ந்திருப்போரா? அவர்களையும் கட்டுப்படுத்தும் சட்டமா? இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடாமல், நம் நாட்டின் உச்ச நீதிமன்றத்திலேயே ஒருமுறை உயிர்ப்பிரச்சினையாக எழுந்தது.

அட்டர்னி ஜெனரல் எனப்படும் இந்தியத் தலைமை வழக்குரைஞரின் பதவியை அரசமைப்புச் சட்டத்தின் 76-ஆம் உறுப்பு வகுத்துரைக்கிறது. அரசுக்குச் சட்ட அறிவுரை கூறுதல் அவரது முதற்கடமை. அரசின் பொருட்டு வழக்காடுதல் மற்றொன்று. நாடாளுமன்றத்தில் அவர் பேசலாம், வாக்களிக்கவியலாது. ஆயினும் குடியரசுத் தலைவர் விரும்பும்வரையே அவர் பதவியில் இருக்கலாம். அவ்விருப்பம் நடைமுறையில் அமைச்சரவையின் விருப்பமே.

இவ்விரு கடமைகளையும் இசைவித்துக் காட்டியவர் முதல் தலைமை வழக்குரைஞரான எம்.சி. செதல்வாட். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ராவின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்டது குறித்து 1958-இல் சாக்ளா ஆணையம் விசாரித்தபோது, அவர் ஆணையத்திற்குத் துணைநின்றார். அரசை மறைத்துக் காக்க முற்படவில்லை. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது.

1975 ஜூனில் நெருக்கடிநிலை வந்தது. கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாயிருந்த ஃபாலி நாரிமன் உடனே பதவி துறந்தார். தலைமை வழக்குரைஞர் நிரேன் டே பதவியில் தொடர்ந்தார். விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் தொடுத்த ஆட்கொணர்வு மனுக்களை ஏற்கலாம் என உயர் நீதிமன்றங்கள் பல தீர்ப்பளிக்க, அரசு உச்ச நீதிமன்றத்திற்கு மேல்முறையீடு செய்தது. அங்கே நீதிபதி எச்.ஆர். கன்னா வினவினார்: காவல் அதிகாரி ஒருவர் தனிப்பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால் அதற்குப் பரிகாரம் உண்டா? நெருக்கடிநிலை நீடிக்கும்வரை இல்லை என்றார் டே. அது நீதிபதிகளின் மனச்சான்றையும் தம் மனச்சான்றையும் அதிரச் செய்யலாம். ஆயினும் தம் வாதத்தின் முடிவு அதுவே என்றும் ஒப்புக்கொண்டார்.

அவ்விடையின் நேர்மையை மறுத்தற்கில்லை. கட்சிக்காரரின் வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுசெல்வது வழக்கறிஞர் அறமே. ஆனால் அவர் வெறும் வழக்கறிஞர் அல்லர். மனச்சான்று அதிரும் ஒன்றை மன்றத்தில் நின்று வாதிடுமுன், அதனைக் கைவிடுக என அரசுக்கு உரைத்தலும், அரசு செவிசாய்க்காவிடில் நாரிமனைப்போல் விலகுதலும் அப்பதவிக்குரிய வழிகளே.

1976 ஏப்ரல் 28 அன்று நால்வர் அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர்; கன்னா ஒருவரே மாறுபட்டார். 1977-இல் அவரைவிட இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட, அவர் பதவி விலகினார். நெருக்கடிநிலையிலும் உயிருரிமையை நாடி நீதிமன்றம் செல்வதைத் தடுக்கவியலாது என 1978-இன் 44-ஆம் திருத்தம் வரையறுத்தது. அத்தீர்ப்பையே 2017-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவைத்தது.

ஒற்றன் என ஐயுற்று இளந்தத்தன் என்னும் புலவனைக் கொல்லப் புகுந்தான் நெடுங்கிள்ளி. கோவூர்கிழார் எடுத்துரைத்து அவனை மீட்டார். அதிகாரத்தின் முன் நிற்கும் சொல் யார் பக்கம் நிற்கவேண்டும் என்பதனைப் புலவர் மரபினராகிய நாம் அன்றே அறிந்தோம். அரசின் வழக்குரைஞர்க்கும் அச்சொல்லே கருவி.