கைகழுவல் காணொலி முதல் பூந்துறை வரை: கொரோனா காலத்தில் கேரளக் களப்பணியாளர்கள்

திருவனந்தபுரம்: சீருடையும் முகக்கவசமும் அணிந்த காவலர்கள் ஆறு பேர், பாட்டுக்கு ஏற்ப அசைந்தபடி கைகழுவும் முறையைச் செய்துகாட்டிய காணொலியைக் கேரளக் காவல் துறையின் ஊடக மையம் 2020 மார்ச் மாதம் வெளியிட்டது. 'அய்யப்பனும் கோஷியும்' திரைப்படத்துக்காக அட்டப்பாடியின் நஞ்சியம்மா இருளர் மொழியில் பாடிய பாடலே அதன் பின்னணி இசை. சில நாள்களிலேயே அது நாடு கடந்து பரவியது.

நாட்டின் முதல் கொரோனா தொற்று 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில்தான் உறுதியானது. மார்ச் 15 அன்று, அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் கே.கே.சைலஜா 'பிரேக் தி செயின்' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அலுவலகங்களின் வாயிலிலும் பேருந்து நிலையங்களிலும் கைகழுவும் வசதி, கிருமிநாசினி ஆகியவை வைக்கப்பட்டன. பொது இடங்களில் முகக்கவசம் ஏப்ரல் இறுதியில் கட்டாயமானது.

கைகழுவுவதும் முகக்கவசம் அணிவதும் ஊழியரின் கையில் உள்ளவை. இடைவெளியைக் கடைப்பிடிப்பது அவ்வாறல்ல. வாகனத்தை நிறுத்திச் சோதிக்கும் காவலரும், வீடு வீடாகச் செல்லும் 'ஆஷா' பணியாளரும் எதிரில் நிற்பவரின் ஒத்துழைப்பை நம்பியே இருக்க வேண்டியிருந்தது. திருவனந்தபுரத்தின் கடலோர மீனவப் பகுதியான பூந்துறையில் அது வெளிப்படையாகத் தெரிந்தது.

மாநகராட்சிப் பகுதியில் 2020 ஜூலை 6 முதல் 'டிரிபிள் லாக்டவுன்' நடைமுறைக்கு வந்தது. நகரம் முழுவதற்கும் ஓர் அடைப்பு, தொற்று மிகுந்த பகுதிகளுக்கு இன்னொன்று, நோயாளிகள், தொடர்பாளர்களின் வீடுகளுக்கு மூன்றாவது என்பது அதன் அமைப்பு. குமரிச்சந்தை மீன் சந்தையோடு தொடர்புடைய தொற்று பூந்துறையில் வேகமாகப் பரவ, ஐந்து நாள்களில் பரிசோதிக்கப்பட்ட 600 பேரில் 119 பேருக்குத் தொற்று உறுதியானதாக அரசு அறிவித்தது. கமாண்டோ படையினர் நிறுத்தப்பட்டனர். வீடுகள் நெருங்கி நிற்கும், அன்றாட வருவாயை நம்பி வாழும் ஊரில் நோய்த்தடுப்புக்கு ஆயுதம் ஏந்தியவர்கள் வந்து நின்றது மக்களிடம் என்ன உணர்வை ஏற்படுத்தியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

அத்தியாவசியப் பொருள்கள் கிடைக்கவில்லை, தங்கள் ஊர் மீது அவப்பெயர் சுமத்தப்படுகிறது என்று கூறி ஜூலை 10 அன்று மக்கள் தெருவில் இறங்கினர். சுகாதாரக் குழுவினரின் வாகனத்தைச் சூழ்ந்த சிலர், முகக்கவசம் இன்றி அவர்கள் முகத்துக்கு அருகே இருமியதாகப் புகார் எழுந்தது. குழுவினர் தனிமைப்படுத்திக்கொள்ள நேர்ந்தது. ஆயினும், அடுத்த சில நாள்களில் அதே ஊர் மக்கள் வருத்தம் தெரிவித்து, சுகாதாரப் பணியாளர்களை மலர் தூவி வரவேற்றனர். ஜூலை 17 அன்று, பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் ஏற்பட்டிருப்பதாக முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் தொடர்பாளர்களைக் கண்டறியும் பொறுப்பு காவல் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. இது சுகாதாரத் துறையினர் செய்ய வேண்டிய பணி என்று மருத்துவர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தொற்று உறுதியான மலப்புரம் மாவட்ட ஆட்சியருடன் கோழிக்கோடு விமான விபத்துப் பகுதிக்குச் சென்றிருந்த முதல்வரும் சில அமைச்சர்களும் அம்மாதமே தனிமைப்படுத்திக்கொண்டனர். தடுப்பூசிப் பணி 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியபோது சுகாதாரப் பணியாளர்களுக்கு முதலிடம் கிடைத்தது. காவலர் உள்ளிட்ட முன்களப் பணியாளர்களுக்குப் பிப்ரவரியில் வாய்ப்பு வந்தது.

வீடு வீடாகச் சென்ற 'ஆஷா' பணியாளர்களில் ஒரு பிரிவினர், மாதம் 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 21,000 ரூபாயாக உயர்த்தக் கோரி, 2025 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்பு இரவு பகல் போராட்டத்தைத் தொடங்கினர்.